பைத்தான்ல ஒரு எச்மேக் வருது, பிஎச்பில வேற ஒண்ணு வருது, எங்க இடிக்குது?

சுங்கைப்பையன் | 3 பிப்ரவரி 2025, இரவு 9.40

அண்ணன்மாரே ஒரு சந்தேகம். எங்க ரேம்ப்ல (குலை வாங்குற நிலையம்) செம்பனைக் குலை எடை போடுற இடத்துல ஒரு ராஸ்பெர்ரி பைனு குட்டிக் கம்ப்யூட்டர் வச்சிருக்கோம், லோரி ஏறி நின்னதும் எடையப் படிச்சு சுங்கை சிப்புட் டவுன்ல இருக்குற ஆபிஸ் சர்வருக்கு அனுப்பும். நடுவுல யாரும் எடைய மாத்திடக் கூடாதுனு எச்மேக் ஷா-256, அதாவது ரகசியச் சாவி வச்சு மெசேஜுக்குப் போடுற முத்திர, போடச் சொன்னாங்க. பை பக்கம் பைத்தான், சர்வர் பக்கம் பிஎச்பி. மெசேஜ் சிம்பிள், லோரி நம்பர், டிரைவர் பேர், எடை, நேரம், நடுவுல ஒரு நிமிர்ந்த கோடு. ரெண்டு பக்கமும் ஒரே சாவி, ஆனா ஒரு லோரிக்குக் கூட ஒத்து வரல. பேசாம சாவியையும் மெசேஜையும் ஒட்டி நேரா ஷா-256 எடுத்துட்டா என்ன? எச்மேக்லாம் எதுக்கு?

பால்மரத்தடி | 3 பிப்ரவரி 2025, இரவு 11.20

கடைசியா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன் தம்பி, ஏன்னா இது தூங்கி எந்திரிச்சு சொல்ற விஷயம் இல்ல. ஒட்டாதீங்க.

எம்டி5, ஷா-1, ஷா-256 இதெல்லாம் ஹேஷ், அதாவது எவ்வளவு பெரிய மெசேஜையும் ஒரே நீளத்துக்குச் சுருக்குற கணக்கு. மெசேஜ 64 பைட் 64 பைட்டா வெட்டி ஒண்ணு ஒண்ணா உள்ள தள்ளும், கடைசில வெளிய வர்ற ஹேஷ்ங்கறது அந்த நேரத்துல அதோட வயித்துக்குள்ள இருந்த நிலைமை, அவ்வளவுதான். அப்ப ஹேஷ் கையில கெடச்சவன் விட்ட எடத்துலேருந்து தொடர்ந்து போடலாம், சாவி தெரிய வேண்டியதே இல்ல, சாவியோட நீளம் தெரிஞ்சா போதும், நீளத்த ஊகிச்சு ஊகிச்சுப் பாத்தே பிடிச்சுடலாம். உங்க மெசேஜ் எடை=8420னு முடியுதுனு வைங்க. அவன் அதுக்குப் பின்னாடி எடை=9420னு ஒட்டி அதுக்குப் புதுசா ஒரு ஹேஷ் போட்டுக் குடுத்துருவான், உங்க சர்வர் சரி பாத்தா சரியாத்தான் இருக்கும். நடுவுல ஹேஷ் தானா சேக்குற நிரப்பு பைட்டுங்க குப்பையா நிக்கும், நின்னா என்ன, எடைங்கற ஒரே பேர் ரெண்டு தடவ வந்தா பிஎச்பி பின்னால வந்ததத்தான் எடுத்துக்கும். ஆயிரம் கிலோ சும்மா ஏறிடும்.

புத்தகத்துல மட்டும் இருக்குற பயமுறுத்தல் இல்ல இது. 2009ல தாய் டுவாங், ஜூலியானோ ரிஸ்ஸோனு ரெண்டு பேரு ஃப்ளிக்கர்ங்கற படத் தளத்தோட ஏபிஐய (மத்த புரோகிராமுங்க அதோட பேசுற வாசல்) இப்படித்தான் ஒடச்சுக் காட்டுனாங்க. அங்கயும் ரகசியத்த முன்னாடி வச்சு எம்டி5 போட்டிருந்தாங்க.

சரி அப்ப சாவிய பின்னாடி ஒட்டலாமேனு அடுத்து கேப்பீங்க. அதுல வேற ஓட்டை: ஒரே ஹேஷ் வர்ற ரெண்டு மெசேஜ் கெடச்சுட்டா, பின்னாடி என்ன சாவி ஒட்டுனாலும் ரெண்டுக்கும் ஒரே முத்திரதான் விழும். எம்டி5ல அந்த மாதிரி ஜோடி 2004லேயே கெடச்சாச்சு.

பைத்தான்லயும் பிஎச்பிலயும் ஒரே ஒரு வரி வேலை இது. அந்த வரி தப்பா போறதே இல்ல. அந்த வரிக்குள்ள நீங்க போடுற பைட் தான் தப்பா இருக்கும். நாளைக்கு காலைல எழுதறேன்.

பால்மரத்தடி | 4 பிப்ரவரி 2025, காலை 7.05

முத்திரையோட நீளத்த எண்ணுங்க. பாதிப் பிரச்சன அங்கயே தெரிஞ்சிடும்.

64 எழுத்துனா ஷா-256, ஹெக்ஸ்ல (ஒரு பைட்டுக்கு ரெண்டு எழுத்து) இருக்கு, நல்லது. 40னா ஷா-1. 32னா எம்டி5, எங்கேயோ பழைய பைத்தான் கோட காப்பி பண்ணிருக்கீங்கனு அர்த்தம், அப்ப எந்த ஹேஷ்னு சொல்லலேனா பைத்தான் தானா எம்டி5 எடுத்துக்கும், 3.8லேருந்து தான் நீ சொல்லியே ஆகணும்னு ஆக்குனாங்க. 44னா பேஸ்64னு பைட்ட எழுத்தாக்குற இன்னொரு முறை. 88 வந்துச்சுனா பிஎச்பில ஹேஷ் எச்மேக் ஃபங்ஷனோட நாலாவது இடத்துல ட்ரூ போடாம விட்டுட்டு அதுக்கு மேல பேஸ்64 போட்டிருக்கீங்க, அதாவது ஹெக்ஸ் எழுத்தையே திரும்ப பேஸ்64 பண்ணிருக்கீங்க. 43னா அந்தப் பக்கம் பெர்ல் ஓடுது, பெர்லோட ஷா மாட்யூல் கடைசில வர்ற சமக்குறிய போடாது.

உங்களுது எத்தன?

சுங்கைப்பையன் | 4 பிப்ரவரி 2025, மதியம் 1.12

ரெண்டு பக்கமும் 64 அண்ணே. சின்ன எழுத்துதான். ஆனா வேற வேற.

பால்மரத்தடி | 4 பிப்ரவரி 2025, இரவு 10.30

அப்ப உங்க தரவ ஓரமா வச்சிட்டு ஊரறிஞ்ச கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. ஆர்எஃப்சி 4231னு 2005ல வந்த இணைய நெறிமுறை ஆவணம், அதுல எச்மேக் ஷா-256க்கு சோதனைக் கணக்கு வரிசையா இருக்கும். ரெண்டாவத எடுங்க, சாவி ஜெஃபேனு நாலே எழுத்து, மெசேஜ் 28 பைட். விடை 5பிடிசிசி146னு ஆரம்பிச்சு 3843ல முடியணும். ரெண்டு பக்கமும் அது வந்துச்சுனா லைப்ரரி மேல பழி போடுறத நிறுத்திடலாம்.

அப்புறம் சாவி. சாவியப் பிரிண்ட் பண்ணாதீங்க, அதோட நீளத்தப் பிரிண்ட் பண்ணுங்க, கண்ணுக்குத் தெரியாதது நீளத்துல தெரியும். 32 பைட் சாவிய ஹெக்ஸ்ல எழுதி வச்சா 64 எழுத்து. ஒரு பக்கம் அத 32 பைட்டா மாத்திட்டு இன்னொரு பக்கம் 64 எழுத்த அப்படியே சாவியா எடுத்தா ஒத்தே வராது. 65னா கோப்போட கடைசில ஒரு நியூலைன் (வரி முடிவுக் குறி). 67னா நோட்பேட்ல சேவ் பண்ணி முன்னாடி பிஓஎம்னு மூணு பைட் ஒட்டியிருக்கு.

டெர்மினல்ல ஓபன்எஸ்எஸ்எல் வச்சு சோதிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்த. எக்கோ சும்மா போட்டா கடைசில நியூலைன் சேத்துத்தான் அனுப்பும், பிரிண்ட்எஃப் போடுங்க. அதோட சாவிய கமாண்டுலயே எழுதுனா அதே மெஷின்ல பிஎஸ் அடிக்கிற யாருக்கும் சாவி தெரியும். சோதனச் சாவிக்கு பரவால்ல, நெசச் சாவிய அப்படி அடிக்காதீங்க.

சுங்கைப்பையன் | 5 பிப்ரவரி 2025, இரவு 8.55

அண்ணே! ஜெஃபே ரெண்டு பக்கமும் சரியா வந்துச்சு. சாவி நீளம் பைத்தான்ல 65, பிஎச்பில 64. நியூலைன்தான். எடுத்துட்டேன், லோரிங்க ஒத்து வர ஆரம்பிச்சிடுச்சு. ஆனா சில லோரிக்கு மட்டும் இன்னும் மாட்டேங்குது, எதுக்குனே புரியல. கிராணி (ஆபிஸ் கிளார்க்கு) போன் மேல போன் போடுறாரு.

பால்மரத்தடி | 5 பிப்ரவரி 2025, இரவு 9.30

ஒத்து வராத லோரியோட டிரைவர் பேரு எல்லாத்தையும் தமிழ்ல இருக்குறபடியே இங்க போடுங்க. ஒத்து வர்ற பேரும் கொஞ்சம் போடுங்க.

அதுக்குள்ள அந்த 65 பத்தி ஒண்ணு. எச்மேக் உள்ள என்ன பண்ணுதுனா, சாவி அந்த 64 பைட் துண்ட, அதாவது பிளாக்க விடச் சின்னதா இருந்தா பின்னாடி சைபர் பைட் போட்டு 64 ஆக்கும். பெருசா இருந்தா மொதல்ல அத ஹேஷ் பண்ணி 32 ஆக்கிட்டு அப்புறம் நிரப்பும். உங்க ஹெக்ஸ் எழுத்துச் சாவி மிகச்சரியா 64, விளிம்புல நிக்குது. ஒரே ஒரு நியூலைன் கூடுனதும் 65 ஆகி அந்தப் பக்கம் சாவியே வேற வழில போயிருச்சு. ஷா-512 போட்டிருந்தா பிளாக் 128, இந்த விளிம்பு அங்க வராது, ஆனா நியூலைன் இருந்தா விடை எப்படியும் மாறத்தான் செய்யும்.

சுங்கைப்பையன் | 5 பிப்ரவரி 2025, இரவு 9.48

வராதது: கோபால், மோகன், பொன்னுசாமி, சோமசுந்தரம், கோவிந்தசாமி.
வர்றது: முருகன், வீரையா, ராஜேந்திரன், சின்னப்பன், அமினுடின்.

பால்மரத்தடி | 5 பிப்ரவரி 2025, இரவு 10.02

கோ, மோ, பொ, சோ. பாத்தீங்களா தம்பி?

யூனிகோட்ல கோனு எழுத ரெண்டு வழி இருக்கு. க போட்டு அதுக்கப்புறம் ஓகாரக் குறிய ஒரே குறியீடா போடலாம். இல்ல க, ஏகாரக் குறி, அப்புறம் துணைக்கால்னு ரெண்டு குறியீடா போடலாம். திரைல ரெண்டும் ஒரே கோ. யூனிகோட் விதிப்படியும் ரெண்டும் சமம். ஆனா பைட்டா பாத்தா தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல 3 பைட், அப்ப மொத கோ 6 பைட், ரெண்டாவது கோ 9 பைட். எச்மேக்குக்கு தமிழ் தெரியாது, அது பைட்டத்தான் பாக்கும், 6 வேற 9 வேற. முருகன்ல இந்த மாதிரிக் குறியே இல்ல, அதான் தப்பிச்சாரு.

உங்க பழைய பேர்ப்பட்டியல் யாரோ பழைய ஃபாண்ட்லேருந்து கன்வர்ட் பண்ணதா இருக்கும், பழைய ஃபாண்ட்ல கொம்பு தனி கால் தனிதானே, கன்வர்ட்டர் அப்படியே ரெண்டாவே விட்டிருக்கும். சர்வர் பக்கம் எங்கேயோ என்எஃப்சினு ஒரு ஒழுங்கு பண்ற ஃபங்ஷன் ஓடுது, அது ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிடுது. பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் இருக்கு, பேர்ப்பட்டியல் மேல ஒரு தடவ என்எஃப்சி ஓட்டிடுங்க, பேரு சரியாயிடும்.

ஔவையார்னு ஒரு டிரைவர் வர மாட்டாருனு நெனைக்கறேன், ஆனா கௌரினு வர வாய்ப்பு இருக்கு. கௌ எழுத வேண்டிய எடத்துல கெ போட்டு ள போட்டு அடிக்கிற பழக்கம் நம்மள்ல நெறைய பேருக்கு உண்டு. பாக்க ஒரே மாதிரி, ஆனா யூனிகோட் விதிப்படியே அது வேற எழுத்து, என்எஃப்சி அதத் தொடாது. அது ஆள் உக்காந்து திருத்த வேண்டிய வேலை.

சுங்கைப்பையன் | 6 பிப்ரவரி 2025, காலை 6.50

வந்துருச்சு அண்ணே. எல்லா லோரியும் பச்ச!! காலைலேயே கோபால் அண்ணன் லோரிதான் மொதல்ல போச்சு.

பால்மரத்தடி | 6 பிப்ரவரி 2025, இரவு 9.15

சந்தோஷம் தம்பி. ஆனா நேத்து சொன்ன வைத்தியத்த யோசிச்சுப் பாத்தா அது காய்ச்சலுக்குத்தான், நோய்க்கு இல்ல. இன்னைக்கு பேரு ஒத்து வருது, நாளைக்கு வேற ஒண்ணு பிச்சுக்கும்.

மூலக் காரணம் என்ன? சர்வர் வந்த பைட்ட முத்திர பாக்காம, வந்தத பிரிச்சு, ஒழுங்கு பண்ணி, திரும்பக் கட்டி, அதுக்கு முத்திர பாக்குது. பிரிச்சுத் திரும்பக் கட்டுனா எங்கயாவது ஒரு பைட் மாறத்தான் செய்யும். நான் செமினி பக்கம் ஒரு ரேம்ப்புக்கு வேல செஞ்சப்ப அங்க ஜேசன்னு தரவ எழுத்தா எழுதுற ஒரு வடிவம் ஓடுச்சு. பைத்தான் ஜேசன் எழுதும்போது காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடும், தமிழ் எழுத்த எல்லாம் பின்சாய்வு போட்டு எண்ணா மாத்திடும். பிஎச்பி தமிழ மாத்தும் ஆனா ஸ்பேஸ் விடாது, அதோட தேதில இருக்குற சாய்வுக்கோட்டுக்கு முன்னாடியும் ஒரு பின்சாய்வு போடும். ஜாவாஸ்கிரிப்ட் ரெண்டும் பண்ணாது, தமிழ தமிழாவே விடும். மூணும் முறைப்படி சரியான ஜேசன்தான், முத்திர மட்டும் மூணு விதம். அந்த ரேம்ப்ல கீ வரிசைய அடுக்கு, ஸ்பேஸ எடு, இத மாத்து அத மாத்துனு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஒரு கோட் இருந்துச்சு, அத எழுதுன ஆளே தொட பயப்பட்டாரு.

இப்படிப் பண்ணுங்க. பை மெசேஜ எப்படி வேணா கட்டட்டும். கட்டுனதும் அந்த பைட்டுங்க மேல எச்மேக் போட்டு முத்திரைய ஹெட்டர்ல வச்சு அனுப்பட்டும். சர்வர் பிஎச்பி இன்புட்லேருந்து வந்தத கச்சாவா படிச்சு, எதையும் பிரிக்காம, அந்த பைட்டுங்க மேலேயே எச்மேக் போட்டுப் பாக்கட்டும். ஒத்து வந்தா தான் பிரிக்கணும். ஒத்து வரலனா ஜேசன் பார்சருக்கே அது போகக் கூடாது. என்எஃப்சிய பேர் பதியிற எடத்துல ஓட்டுங்க, முத்திர பாக்குற வழில அது இருக்கவே கூடாது.

நிமிர்ந்த கோடு போட்டுக் கட்டுறீங்களே, அதுவும் பரவால்ல, ஆனா பேருக்குள்ள யாராவது அதே கோட அடிச்சா கட்டம் தள்ளிப் போயிடும். கோடே போடாம ஒட்டுறவங்கள பாத்திருக்கேன், லோரி நம்பர் 18 எடை 420 னாலும் லோரி நம்பர் 184 எடை 20 னாலும் ஒரே மெசேஜ், ஒரே முத்திர.

கல்லுமலை | 7 பிப்ரவரி 2025, மதியம் 12.40

சர்வர்ல ஒப்பிடுறதுக்கு ரெட்டச் சமக்குறி போட்டா போதும்தானே? தோட்டத்து எடைக்கு எவன் வந்து மில்லி செகண்ட் அளக்கப் போறான்.

பால்மரத்தடி | 8 பிப்ரவரி 2025, மாலை 4.10

போதாதுங்க. ரெட்டச் சமக்குறி மொத எழுத்துல வித்தியாசம் வந்தா உடனே நின்னுடும், பத்தாவதுல வந்தா கொஞ்சம் தள்ளி நிக்கும். அந்த நேர வித்தியாசத்த அளந்து அளந்து முத்திரைய ஒவ்வொரு பைட்டா கண்டுபிடிக்கலாம். 2009ல நேட் லாசன்ங்கறவரு கூகுளோட கீசார் லைப்ரரில இதே ஓட்டையக் காட்டுனாரு, சாமான்யப்பட்டவங்க எழுதுன கோட் இல்ல அது.

தொலைதூரத்துலேருந்து நெட்வொர்க் வழியா அளக்குறது செரமம்தான், ஒத்துக்கறேன். ஆனா மாத்து வழி ஒரு வார்த்த அதிகம், அவ்வளவுதான். பிஎச்பில 5.6லேருந்து ஹேஷ் ஈக்குவல்ஸ் இருக்கு, நம்ம போட்டது மொதல்ல, வெளிலேருந்து வந்தது ரெண்டாவது. பைத்தான்ல 3.3லேருந்து கம்பேர் டைஜஸ்ட். நோட் ஜேஎஸ்ல (சர்வர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்) டைமிங் சேஃப் ஈக்குவல்.

அதுவும் பிஎச்பில ரெட்டச் சமக்குறிக்குத் தனியா ஒரு கெட்ட குணம் இருக்கு. ரெண்டு பக்கமும் எண் மாதிரி தெரிஞ்சா எண்ணாவே ஒப்பிடும். சைபர், அப்புறம் ஈ, அப்புறம் முழுக்க இலக்கமா ஒரு ஹேஷ் வந்துச்சுனா அதுக்கு அது சைபர்தான், அந்த மாதிரி எதுவும் எதுக்கும் சமம். 64 எழுத்துல அப்படி அமையிறது ரொம்ப அபூர்வம், ஆனா முத்திரைய 8 எழுத்தா வெட்டி ரிசிட்ல அடிக்கிற ஆளுங்க இருக்காங்க, அங்க அபூர்வம் இல்ல.

வெட்டுறதப் பத்தியும் சொல்லிடறேன். வெட்டலாம். எச்மேக்க வரையறுத்த ஆர்எஃப்சி 2104லேயே அனுமதி இருக்கு, பாதிக்குக் கொறையாம, 80 பிட்டுக்குக் கொறையாம வெட்டச் சொல்லுது. ஷா-256க்கு பாதினா 128 பிட், 32 ஹெக்ஸ் எழுத்து.

கம்பேர் டைஜஸ்ட்ல ஒரு விஷயம் கவனிங்க, அதுக்கு ஸ்ட்ரிங்கா குடுத்தா ஆஸ்கி மட்டும்தான் ஏத்துக்கும். எவனாவது ஹெட்டர்ல தமிழ் எழுத்து ஒண்ணு வச்சு அனுப்புனா டைப் எரர் போட்டு நின்னுடும். ரெண்டையும் பைட்டாக்கிக் குடுங்க.

பால்மரத்தடி | 12 பிப்ரவரி 2025, இரவு 10.50

தைப்பூசத்துக்கு ஈப்போ போயிட்டு வந்து இன்னைக்குத்தான் உக்காந்தேன். தனி மெசேஜ்ல ஒருத்தர் எச்மேக் உள்ள என்னதான் நடக்குதுனு கேட்டிருந்தாரு, எல்லாருக்கும் சேத்து எழுதறேன்.

சாவிய 64 பைட்டுக்கு நிரப்பியாச்சுல்ல. அதோட ஒவ்வொரு பைட்டையும் ஹெக்ஸ் 36 கூட எக்ஸார் (பிட் பிட்டா ஒப்பிட்டுக் கலக்குற கணக்கு) பண்ணா ஒரு சாவி, ஹெக்ஸ் 5சி கூட எக்ஸார் பண்ணா இன்னொரு சாவி. மொத சாவிய மெசேஜுக்கு முன்னாடி வச்சு ஹேஷ் எடு. வந்த 32 பைட்டுக்கு முன்னாடி ரெண்டாவது சாவிய வச்சு திரும்ப ஹேஷ் எடு. முடிஞ்சுது. வெளில தெரியிறது ரெண்டாவது ஹேஷ். அதத் தொடர்ந்து நீட்டி ஒருத்தன் எதையாவது ஒட்டுனாலும், சர்வர் கணக்குப் போடும்போது வெளி ஹேஷுக்குள்ள போறது எப்பவும் 32 பைட் மட்டும்தான், அதனால நீட்டுன முத்திர எந்த மெசேஜுக்கும் பொருந்தாது. மிஹிர் பெல்லாரே, ரான் கானெட்டி, ஹியூகோ க்ராவ்சிக்னு மூணு பேரு 1996ல போட்ட கணக்கு, 1997 பிப்ரவரில ஆர்எஃப்சி 2104 ஆச்சு. ஷா-3ல இந்த நீட்டுற வித்தையே வேலைக்கு ஆகாது, அதுக்கு கேமேக்னு தனியா ஒண்ணு இருக்கு.

பைத்தான்ல பத்துப் பன்னண்டு வரில இத நீங்களே எழுதிடலாம், எழுதிப் பாருங்க, ஜெஃபே கணக்கு வரணும். எழுதிப் பாத்து புரிஞ்சதும் அத அழிச்சுட்டு லைப்ரரிய போடுங்க.

எம்டி5 ஒடஞ்சு போச்சே அப்ப எச்மேக் எம்டி5 ஒடஞ்சதானு இன்னொரு கேள்வி. ஜோடி ஹேஷ் கெடைக்கிறதால எச்மேக் நேரடியா ஒடையல, 2011ல வந்த ஆர்எஃப்சி 6151 அதையே சொல்லிட்டு, புதுசா எதுக்கும் போடாதீங்கனும் சொல்லுது. அப்புறம் உங்க ஹேண்ட்போன்ல 30 விநாடிக்கு ஒரு தடவ மாறுற 6 இலக்கக் கோட் இருக்கே, பெரும்பாலும் எச்மேக் ஷா-1தான் அது, நேரத்த மெசேஜா வச்சு.

சுங்கைப்பையன் | 14 பிப்ரவரி 2025, இரவு 9.20

அண்ணே நேரம்னதும் ஞாபகம் வந்துச்சு. ஒரே லோரி ரெண்டு தடவ பதிவாயிருக்கு. முத்திர ரெண்டும் சரி. நெட் விட்டு விட்டு வந்தப்ப பை திரும்ப அனுப்பிருச்சுனு நெனைக்கறேன்.

பால்மரத்தடி | 15 பிப்ரவரி 2025, மதியம் 2.30

ஆமா, எச்மேக் இத தடுக்காது. நேத்து செல்லுபடியான மெசேஜ் இன்னைக்கும் செல்லும். இப்ப பை தெரியாம திரும்ப அனுப்புச்சு, நாளைக்கு ஒருத்தன் தெரிஞ்சே அனுப்புவான், ஒரு லோட் குலைக்கு ரெண்டு தடவ காசு போகும்.

நேரத்த மெசேஜுக்குள்ள வச்சு 5 நிமிஷத்துக்கு மேல பழசுனா தள்ளுனு வழக்கமா சொல்லுவாங்க. நம்ம ஊருக்கு அது மட்டும் சரிப்படாது. லிந்தாங் ரோடு உள்ள போகப் போக லைன் எப்படினு உங்களுக்கே தெரியும், பை மெசேஜ சேத்து வச்சு மணிக்கணக்கா கழிச்சு அனுப்பும். அதோட ராஸ்பெர்ரி பைல பேட்டரி போட்ட கடிகாரம் கெடையாது, இடி விழுந்து கரண்டு போயி திரும்ப வந்தா, நெட் கெடைக்கிற வரைக்கும் அதுக்கு நேரமே தெரியாது. நெட் வர்றதுக்குள்ள லோரி ஏறிடுச்சுனா தப்பான நேரத்துக்கு சரியான முத்திர போட்டு வச்சிரும்.

அதனால வரிசை எண். ஒவ்வொரு எடைக்கும் ஒரு எண், ஏறிக்கிட்டே போகணும், கரண்டு போனாலும் டிஸ்க்ல இருக்கணும், மெசேஜுக்குள்ள இருக்கணும். ஏற்கனவே பாத்த எண் திரும்ப வந்தா சர்வர் வாங்கிட்டேன்னு மட்டும் சொல்லட்டும், பதியக் கூடாது. எண் நடுவுல விட்டுப் போனா அது இன்னும் முக்கியம், ஒரு எடை வழில காணாமப் போயிருக்குனு அர்த்தம். முத்திர அத உங்களுக்குச் சொல்லாது, இந்த எண்தான் சொல்லும்.

நேரத்தையும் வைங்க, ஆனா யூனிக்ஸ் விநாடியா வைங்க. சர்வர் உலக நேரத்துல ஓடும், பை நம்ம நேரத்துல ஓடும், 8 மணி நேரம் இடிக்கும். இந்த 8 கூட தீபகற்ப மலேசியால நமக்கு 1982 ஜனவரி 1லேருந்துதான், அதுக்கு முன்னாடி ஏழரை. ஒரே நாள்ல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளுனதும், பெரட்டுக்கு (தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்குற எடம்) போறப்ப இன்னும் கும்முனு இருட்டா இருந்துச்சுனு எங்கம்மா இன்னைக்கும் சொல்லும்.

கல்லுமலை | 16 பிப்ரவரி 2025, இரவு 8.05

எல்லாம் சரிங்க. ஆபிஸ்காரனே சர்வர்ல எடையக் கொறச்சுட்டு புது முத்திர போட்டுட்டா?

பால்மரத்தடி | 16 பிப்ரவரி 2025, இரவு 11.40

இந்த இழைலேயே பெரிய கேள்வி இதுதான்.

போட முடியும். எச்மேக்ல ஒரே சாவி ரெண்டு பக்கமும் இருக்கு. சரிபாக்கத் தெரிஞ்சவனுக்கு உண்டாக்கவும் தெரியும். பைக்கும் சர்வருக்கும் நடுவுல வர்ற மூணாவது ஆள அது தடுக்கும், அந்த வேலைய நல்லாவே செய்யும். ஆனா ரெண்டு பக்கத்துல ஒருத்தரு மேல இன்னொருத்தருக்கு சந்தேகம்னா வெளியாள் முன்னாடி அது சாட்சி ஆகாது.

எங்கப்பா ரப்பர் மரம் சீவுன காலத்துல பால் எடை கொறஞ்சுதுனு சொன்னா புத்தகத்தக் காட்டுவாங்க, புத்தகம் எழுதுறதும் அவங்கதான். அந்த வாளிய தோள்ல சுமந்தவருக்கு எடை தெரியாதா? ஆனா காட்ட ஒண்ணும் இருக்காது கையில. இன்னைக்கு குலைய லோரில ஏத்தி அனுப்புற சின்னத் தோட்டக்காரங்க பாதிப் பேரு அதே எடத்துலதான் நிக்கறாங்க, கையில ஒரு ரிசிட், அதுல மை அழிஞ்சு போற எழுத்து. நமக்கு இந்த வேல தெரியும்னா அவங்க பக்கமும் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்னு நான் நெனைக்கறேன்.

வழி இருக்கு. ஈடி25519னு இன்னொரு வகை, சாவி ரெண்டு, ரகசியச் சாவி பைக்குள்ள மட்டும், பொதுச் சாவி ஊருக்கே. பை போட்ட கையெழுத்த யார் வேணா சரி பாக்கலாம், வேற யாராலயும் போட முடியாது. பிஎச்பில 7.2லேருந்து சோடியம் கூடவே வருது, பைத்தானுக்கு பைநாக்ல் போட்டுக்கணும். கையெழுத்து 64 பைட்டுதான், ரிசிட்ல கியூஆரா அடிச்சுக் குடுத்துடலாம், தோட்டக்காரரு ஹேண்ட்போன்ல காட்டி சரி பாக்கலாம், ஆபிஸ் சர்வரக் கேக்க வேண்டியதே இல்ல.

பை யாரு கையில இருக்குங்கறது மிச்சக் கேள்வி. பையத் தொறந்து ரகசியச் சாவிய எடுத்துட்டா எல்லாம் போச்சு. தராசே தப்பா காட்டுனா இதுல எதுவும் பிடிக்காது, தப்பான எடைக்கு அழகான கையெழுத்து விழும். தராசுக்கு மலேசியாவோட 1972 எடை அளவைச் சட்டம் இருக்கு, ஒட்டியிருக்குற சோதன ஸ்டிக்கரப் பாருங்க.

சுங்கைப்பையன் | 1 மார்ச் 2025, இரவு 9.00

அண்ணே கச்சா பைட் மேல முத்திர, வரிசை எண், ஹேஷ் ஈக்குவல்ஸ் மூணும் போட்டாச்சு. ஈடி25519 பத்தி முதலாளிகிட்ட பேசியிருக்கேன், ரிசிட்ல கியூஆர்னதும் அவருக்குப் பிடிச்சிருக்கு. சாவிய மாத்தணும்னா எப்படி? பழைய கிராணி வேலைய விட்டுப் போறாரு, அவருக்குத் தெரியும்.

பால்மரத்தடி | 2 மார்ச் 2025, காலை 8.15

மாத்துங்க, கட்டாயம். ஆள் மேல சந்தேகம்னு இல்ல, அவருக்கும் அதுதான் நல்லது, பின்னால ஏதாவது ஆச்சுனா அவரு பேரு இதுல வராது.

புதுச் சாவிய பைத்தானோட சீக்ரெட்ஸ் மாட்யூல்ல 32 பைட்டா எடுங்க, ஊர் பேரு வருஷம்லாம் சேத்து கையால அடிக்காதீங்க. கோப்புல ஹெக்ஸா எழுதி வைங்க, படிக்கும்போது எழுத்தா இருக்கும்போதே பைத்தான், பிஎச்பி ரெண்டு பக்கமும் ட்ரிம் பண்ணி (ஓரத்துல ஒட்டியிருக்குற ஸ்பேஸ், நியூலைன வெட்டி)ட்டு அப்புறம் பைட்டாக்குங்க. பைட்டாக்குனதுக்கு அப்புறம் ட்ரிம் பண்ணாதீங்க, சாவியோட கடைசி பைட்டே நியூலைனோட எண்ணா அமைஞ்சிருந்தா அதையும் வெட்டிரும், அத நீங்க பல மாசம் தேடுவீங்க. கோப்ப கிட்ல (கோட் சேத்து வைக்கிற எடம்) ஏத்தாதீங்க.

மெசேஜ் கூட சாவிக்கு ஒரு அடையாள எண் அனுப்புங்க, 1, 2னு. சர்வர் கொஞ்ச நாள் ரெண்டையும் ஏத்துக்கட்டும். பைங்க ஒண்ணு ஒண்ணா 2க்கு மாறுனதும் லாக்ல இன்னும் யாரு 1லேயே அனுப்புறாங்கனு பாத்துட்டு அப்புறம்தான் 1 எடுக்கணும். உள்தோட்டத்துல நெட் இல்லாம சேத்து வச்சிருக்குற பை கடைசியாத்தான் வந்து சேரும், அதுக்கு முன்னாடி அழிச்சுட்டீங்கனா அந்த எடை எல்லாம் தள்ளுபடி ஆகி லோரிங்க கேட்ல நிக்கும், குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போகலனா எண்ணெய்ல ஆசிட் ஏறி விலை கொறையும். பழைய சாவிய எடுக்குறத வெள்ளிக்கிழம சாயங்காலம் வச்சுக்காதீங்க, செவ்வாய் புதன் மாதிரி நாள்ல காலைலேயே பண்ணுங்க.